மசினகுடியில் ஒரு நாள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கோத்தகிரியில் குடியிருக்கிறவன் காட்டுமாடு பார்க்கக் காசு கொடுத்துப் போகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது, கரடி வந்து கடைக் கதவை நெம்பிவிட்டுப் போகிறது, சிறுத்தை நாயைக் கவ்விக்கொண்டு போன சிசிடிவி காட்சி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றாத மாதம் இல்லை. அப்படியிருந்தும் திருப்பூரிலிருந்து வந்த என் மச்சானும் அவன் மகனும் புலி பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதால் கல்லட்டி, மசினகுடி, தெப்பக்காடு என்று முதுமலைக் காட்டுப் பக்கம் முழு நாள் சுற்றி வந்தோம். உள்ளூர் வழிகாட்டிக்கும் ஜீப்புக்கும் காசு கொடுத்தோம், வனத்துறை வேனுக்குக் கொடுத்தோம், யானை முகாமுக்குக் கொடுத்தோம். ஒரு ஆள் கேட்டதைக் கொடுக்காமல் வந்தோம். எது எவ்வளவு தேறும் என்று எழுதலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இணையத்தில் மசினகுடி பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் தங்கின அறையின் குளியலறையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு: வழிகாட்டிக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் செல்லும். வேன் பரவாயில்லை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஏறினால். யானை முகாம் வேறு ரகம், அதைக் காட்டு விலங்கு பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள். புலி பார்க்கவில்லை.

சரி, விவரமாக.

மச்சானின் டிஎன் 39 வண்டியைக் கோத்தகிரியிலேயே போட்டுவிட்டு என் பழைய வண்டியில்தான் போனோம். காரணம் உண்டு. ஊட்டிக்கு அப்பால் தலைகுந்தாவில் பிரிந்து இறங்குகிற கல்லட்டி ரோட்டில் கீழே போக வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, நீலகிரிப் பதிவான டிஎன் 43 வேண்டும். 2018இல் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அந்த ரோட்டில் பள்ளத்தில் விழுந்து, அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் இந்தக் கெடுபிடி. வெளியூர்க்காரர்கள் கூடலூர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும், தூரம் இரண்டு மடங்கு. கூகுள் மேப் இதையெல்லாம் யோசிக்காமல் கல்லட்டியைத்தான் காட்டும், தலைகுந்தா செக்போஸ்ட்டில் நின்று போலீஸ்காரரோடு வாதாடிக்கொண்டிருக்கிற குடும்பங்களை நீங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும், நினைவில் இருக்கட்டும்.

36 கொண்டை ஊசி வளைவு. மேலே 2,200 மீட்டருக்கு மேல் கிளம்பி, ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய் நிற்கிறோம். இந்த ஒரு மணி நேர இறக்கத்தைப் பலர் வாந்தி வராமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுகிறார்கள், அது பாவம். மேலே சீகை மரமும் தைல மரமும், அதாவது வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டவை. வளைவுகளின் இடுக்கில் அங்கங்கே சோலை மிச்சம் இருக்கிறது, அதற்குள்ளிருந்து நீலகிரிச் சிரிப்பான் என்கிற பறவை கூட்டமாகக் கத்துவது வண்டிக்குள்ளேயே கேட்கும். பாதி இறங்கியதும் ஸ்வெட்டர் கழன்றுவிடும். கடைசி வளைவுகளில் முள்ளும் பாறையும் காய்ந்த புல்லும்தான், மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி ஒரு மாற்றத்தை ஒரு லிட்டர் சொச்சம் டீசலில் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு டிக்கெட் கிடையாது, மதிப்பெண் போட்டால் முழு மதிப்பெண். இறங்கும்போது முதல் இரண்டு கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் கருகிய வாசம் வரும்.

வழிகாட்டி மசினகுடி முக்கில் காத்திருந்தார். இருளர் சமூகத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், நண்பர் ஒருவர் மூலமாகக் கிடைத்தவர். ஜீப்பும் அவருடைய சித்தப்பாவுடையதுதான். பெயரையும் எண்ணையும் போடவில்லை. "ஃபோன் வந்துட்டே இருக்கும்ணா, வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். காலை முழுவதும் கூட வருவதற்கு ஜீப்போடு சேர்த்து 2,500 ரூபாய் வாங்கினார். ஏறும்போதே மச்சானிடம் நிபந்தனையைச் சொல்லிவிட்டார், அது எனக்குப் பிடித்தது: தார் ரோட்டை விட்டு ஜீப் ஒரு அடி இறங்காது, அவர் சொல்லாமல் யாரும் கீழே இறங்கக் கூடாது, புலிக்கு உத்தரவாதம் கிடையாது. மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் "இதுக்கா 2,500?" என்று எழுதியிருந்தது.

முதல் அரை மணி நேரம் அவர் எங்களுக்குக் காட்டியது யானை லத்தி. சிரிக்காதீர்கள். மாயார் ரோட்டில் ஓரமாக ஜீப்பை நிறுத்தி, இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கச் சொன்னார். ஒரு குச்சியை எடுத்து உருண்டையைப் பிளந்தார். மேல்பக்கம் ஈரம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, உள்ளே இன்னும் பச்சை, கையை அருகில் கொண்டுபோனால் லேசாகச் சூடு தெரிந்தது. "விடியக்காலைல போயிருக்கு. ஒத்த யானை இல்ல, பாருங்க, அங்க சின்ன உருண்ட கெடக்கு, குட்டி கூட இருக்கு" என்றார். நாரும் பட்டையும் மூங்கில் சிம்பும், நடுவில் புளியங்கொட்டை முழுசாக, செரிக்காமல், கழுவி எடுத்ததுபோல் பளபளவென்று. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக எதையோ குச்சியால் இழுத்தார். மசாலா பாக்கெட்டின் மூலை. பையன், அதாவது மச்சான் மகன், ஏழாவது படிக்கிறான், அதுவரை ஃபோனைத் தடவிக்கொண்டு வந்தவன், குனிந்து உட்கார்ந்துவிட்டான். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் அபராதம், வழியெல்லாம் வாட்டர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், ஆனால் மாவட்டம் முழுக்கத் தடை செய்தாலும் குப்பைமேடு காட்டு ஓரத்தில்தானே இருக்கிறது. ஒரு சாணி வண்டும் வந்து சேர்ந்தது, அது உருட்டிப் போனதைப் பையன் வீடியோ எடுத்தான். அந்த நாளின் நல்ல வீடியோ அதுதான், பிறகு எடுத்த எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: நீங்கள் வாடகைக்கு எடுப்பது ஜீப் கிடையாது, ஒரு ஜோடிக் கண். அதே ரோட்டில் எங்களைத் தாண்டிப் பத்துப் பதினைந்து வண்டிகள் போயின. எல்லோரும் மரங்களுக்கு நடுவே புலியைத் தேடிக்கொண்டு முப்பது நாற்பதில் பறந்தார்கள். எங்கள் ஆள் நின்று நின்று போனார், அதனால் மற்றவர்களுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைத்தது.

அதில் முதலிடம் பாறு கழுகுக்கு.

சீகூர் பக்கம் ஓடைக்கரையில் உயரமான நீர்மருது மரங்கள் நிற்கும். எந்த இடம் என்று எழுத மாட்டேன், அவரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கூட்டம் போனால் கூட்டை விட்டுப் போய்விடும். ரோட்டிலிருந்தே, நல்ல தூரத்திலிருந்து, எட்டு மடங்கு பெரிதாக்குகிற என் பழைய 8க்கு 42 பைனாகுலரில் பார்த்தோம். வெறும் கண்ணுக்கு மரத்தின் உச்சிக் கவட்டையில் குச்சிக் குவியல், அவ்வளவுதான். பைனாகுலரில் வேறு கதை. குவியலின் விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருந்தது, கழுத்தில் இறகில்லாமல், கழுத்தடியில் வெள்ளைப் பஞ்சுப் பட்டை கட்டியதுபோல. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஒரு தப்படி வைத்தது, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு தலை ஆடியது. குஞ்சு. பெரியது சிறகை ஒருமுறை முழுக்க விரித்து மடக்கியபோது முதுகின் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது, அதனால்தான் வெண்முதுகுப் பாறு. விரித்த சிறகு இரண்டு மீட்டருக்கும் மேல் வரும். "வருசத்துக்கு ஒரே முட்டைதாண்ணா" என்றார் வழிகாட்டித் தம்பி. அந்த ஒரு முட்டை போச்சு என்றால் அந்த வருசம் போச்சு.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், புலியை நீங்கள் இந்தியாவில் பத்து இடத்தில் பார்க்கலாம். காட்டில் பாறு கழுகு கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைத் தென்னிந்தியாவில் பார்க்க வேண்டும் என்றால் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கை விட்டால் பெரிதாக இடம் இல்லை. என் அப்பா காலத்தில் ஊருக்கு ஊர் செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்திருந்த பறவை. மாட்டுக்கு வலி குறையப் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்கிற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று தெரிவதற்குள் தொண்ணூறுகளில் கிட்டத்தட்ட மொத்தமும் போய்விட்டது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், அதனால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டிவந்தது. அதே வேலையைச் செய்கிற கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபினாக்கையும் கால்நடைக்குப் போடக் கூடாது என்று 2023இல் தடை வந்தது. இது போதாதென்று, மாட்டை அடித்த புலிமேல் கோபத்தில் செத்த மாட்டில் விஷம் தடவுகிறவர்கள் உண்டு. புலி வராவிட்டாலும் கழுகு வந்துவிடும். தம்பியின் வீட்டிலேயே முன்பு மாடு நிறைய இருந்ததாம், மசினகுடிச் சாணத்தை லாரி லாரியாகக் கேரளத்துக்கு உரமாக ஏற்றிய காலம். இப்போது நாலைந்துதான். மாடு வளர்க்கிறவர், கழுகும் பார்க்கிறவர், இரண்டு பக்கமும் தெரிந்தவர் பேசும்போது அது பேச்சு. எந்த விடுதியின் 'இயற்கை நிபுணரும்' எனக்கு இதைச் சொன்னதில்லை.

மேலே செந்தலைப் பாறு ஒன்று தனியாக வட்டமடித்தது, அதைக் காட்டும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறியது. மச்சானுக்கு அது காக்காய் மாதிரிதான் தெரிந்திருக்க வேண்டும், "ஓகே" என்றான்.

அவனுக்குப் பிடித்தது செந்நாய். மாயார் ரோட்டிலேயே திரும்பி வரும்போது புள்ளிமான் ஒன்று கீச்சென்று கத்தியது, இன்னொன்று பதில் கத்தியது, தம்பி இன்ஜினை அணைத்தார். மச்சான் புலி என்றே முடிவு கட்டி கேமராவைத் தூக்கிவிட்டான். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம், எதிர்ப் புதரிலிருந்து இன்னொரு விசில். முதலில் ஒன்று ரோட்டுக்கு வந்தது. செம்மண் நிற உடம்பு, கறுத்த புசுபுசு வால், காது வட்டமாக. அதற்குப் பின்னால் வரிசையாக ஏழோ எட்டோ. கடைசியில் வந்ததன் மூக்கிலும் மார்பிலும் ரத்தம் இன்னும் காயவில்லை. எங்களுக்கு முப்பது அடி தள்ளி நின்று, எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், ஒன்றின் வாயை இன்னொன்று நக்கியது. குட்டிகளுக்கு வயிற்றிலிருந்து கக்கிக் கொடுக்கும் என்றார் தம்பி, குரலைத் தாழ்த்தி. நாயைப் போல் குரைக்காது, பகலில் வேட்டை, கூட்டமாக வேட்டை. உலகத்தில் புலியைப் போலவே அழியும் நிலையில் இருக்கிற விலங்கு, ஆனால் அதற்காக யாரும் டீ-ஷர்ட் அச்சடிப்பதில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். பின்னால் வந்த ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அதோடு முடிந்தது. அந்த வண்டிக்காரரைப் பற்றி நான் எழுத நினைத்ததை எழுதினால் இதைப் பிரசுரிக்க முடியாது.

மரவகண்டி அணைக்குப் போனோம், மறுகரையில் நான்கு யானைகள், நடுவில் குட்டி. அநேகமாகக் காலையில் பார்த்த லத்திக்காரர்கள் என்று பையன் அடித்துச் சொல்கிறான், இருக்கட்டும். யானை பேச்சு வந்ததும் தம்பி ரிவால்டோ கதையைச் சொன்னார். தும்பிக்கை நுனி அறுந்த கொம்பன், வாழைத்தோட்டம் என்கிற ஊர்ப் பக்கம் ஆட்கள் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டதால் காட்டுக்கே போகாமல் ஊரைச் சுற்றியது. 2021 மே மாதம் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்து, கும்கியாக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஆகஸ்டில் மறுபடி காட்டிலேயே கொண்டுபோய் விட்டார்கள். அவருக்கு அது வீட்டு மனுஷன் மாதிரி.

மதியம் மசினகுடியில் சாப்பாடு. மெஸ், வாழையிலை, கோழிக்குழம்பு, குறை ஒன்றும் இல்லை, நிறையும் ஒன்றும் இல்லை. அங்கேதான் அந்த ஆள் வந்தார்.

ஏதோ ஒரு விடுதிக்கு ஆள் பிடிக்கிறவர். எந்த விடுதி என்று சொல்லப் போவதில்லை. எங்கள் மேஜை அருகில் வந்து, "நைட் சஃபாரி இருக்கு சார், உள்ள ரூட்டு, பெரிய லைட் அடிச்சு காட்டுவோம், புலி கன்ஃபர்ம்" என்றார். கேட்ட தொகை காலையில் நாங்கள் கொடுத்ததைப் போல் மூன்று மடங்கு. மச்சானின் கண் மின்னியதை நான் பார்த்தேன். வெளியூர்க்காரர்களுக்காக இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு சஃபாரி சட்டப்படி கிடையாது. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவதும் விளக்கு அடித்து விலங்கைத் துரத்துவதும் வன உயிரினச் சட்டத்தில் குற்றம், மாட்டினால் ஜீப்காரரோடு நீங்களும் அபராதம் கட்ட வேண்டும். தெப்பக்காடு ரோட்டையே இரவு 9 மணிக்கு மூடிவிட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். இந்தச் சீகூர்ப் பகுதி கிழக்கு மலைத் தொடரையும் மேற்கு மலைத் தொடரையும் இணைக்கிற யானை வழித்தடம்; இதில் கட்டிய விடுதிகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், காயத்தோடு விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் எரிகிற டயரை வீசி, அது செத்துப்போனதை நாடே வீடியோவில் பார்த்தது. அனுமதி இல்லாமல் நடக்கிற இடத்தில் தங்கிக்கொண்டு 'இயற்கையை ரசித்தோம்' என்று எழுதுகிறவர்கள், முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு ஃபோன் போட்டு உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன? பெரும்பாலும் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், அதுவே பதில்.

பிறகு வனத்துறை வேன். தெப்பக்காட்டில், மைசூர் ரோடும் கூடலூர் ரோடும் மசினகுடி ரோடும் சந்திக்கிற இடத்தில், மாயாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வரவேற்பு மையம். காலையிலும் மாலையிலும் வேன் கிளம்புகிறது, முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது, விடுமுறை நாளில் நேரில் போய் நின்றால் திரும்பத்தான் வேண்டும். தலைக்குச் சில நூறு ரூபாய், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதுமலை 1940இல் சரணாலயமானது, 2007இல் புலிகள் காப்பகமானது, மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். அதில் வேன் போகிற தடம் ஒரு நூல் அளவுதான் என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் பொறுமைசாலி, காட்டுமாடு நின்ற இடத்தில் இன்ஜினை அணைத்து எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார். மேய்ந்து நிமிர்ந்த அந்தக் கிடா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருவதைவிடக் கால்வாசி பெரியது. காலுக்கு வெள்ளைக் காலுறை, கழுத்தில் தசை மடிப்பு, ஜன்னலுக்கு இருபது அடியில். கடமான், மயில், மரத்தில் மலையணில், தூரத்தில் ஒரு மக்னா, அதாவது கொம்பில்லாத ஆண் யானை. இதற்கு மேல் கேட்பது பேராசை. பிரச்சினை வேனில் இல்லை, வேனுக்குள் இருந்த நாங்கள்தான், அதாவது மனிதர்கள். ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தது, இன்னொருவர் காட்டுமாட்டைப் பார்த்து "ஹேய் ஹேய்" என்று கூப்பிட்டார், அது திரும்பிப் பார்த்தால் ஃபோட்டோ நன்றாக வருமாம். பின்னிருக்கையில் ஒரு பாட்டி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கூப்பிக்கொண்டே வந்தார்.

இன்னொரு சிக்கல் செடி. ரோட்டோரம் முழுக்க உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு, அதற்கு மேலே மஞ்சள் கொன்றை. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, இரண்டையும் மான் தின்னாது, அடியில் புல்லையும் வளர விடாது. மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள், உண்ணிக் கம்பில் இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் ஆளுயர யானைச் சிற்பங்களே செய்கிறார்கள், இருந்தும் இரண்டு மழை பெய்தால் பழையபடி. மழைக்குப் பிறகு பச்சையாக இருக்கிறது என்று அக்டோபர், நவம்பரில் வருகிறவர்களுக்கு அழகான சுவர்தான் தெரியும். நாங்கள் போன தை கடைசியில் இலை உதிர்ந்து கொஞ்சம் உள்ளே பார்க்க முடிந்தது. இன்னும் தள்ளினால் காட்டுத்தீ பயத்தில் சில நேரம் சுற்றுலாவையே நிறுத்திவைப்பார்கள், ஆகவே ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி சரியான நேரம்.

வேனைப் பற்றி ஒரு யோசனை: வழிகாட்டியோடு காலையைக் கழித்த பிறகு வேனில் ஏறுங்கள். நாங்கள் அப்படிப் போனதால் பையன் தானாகவே மரத்தில் நகக் கீறலைப் பார்த்து "கரடியா?" என்று கேட்டான், சேற்றில் காட்டுமாட்டுக் குளம்பைக் காட்டினான். முதலில் வேனில் ஏறியிருந்தால் அவனுக்கு அது வெறும் பஸ் பயணம்.

யானை முகாமுக்கு மாலை உணவு நேரத்துக்குப் போனோம், ஐந்தரை மணி. காலையிலும் எட்டரைக்கு உண்டு. ஒவ்வொரு யானைக்கும் கேழ்வரகு, கொள்ளு, அரிசி, வெல்லம் என்று தனித்தனி அளவு. கேழ்வரகுக் களியை ஃபுட்பால் அளவுக்கு உருட்டி, பாகன் கையாலேயே வாய்க்குள் வைக்கிறார். காவடி என்றால் பாகனுக்கு உதவியாள், யானைக்கு இலை தழை கொண்டுவருவதிலிருந்து குளிப்பாட்டுவதுவரை அவர் பாடுதான். ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்குப் பிறகு, அதில் ரகு, பொம்மி என்கிற யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இருவரையும் தேடி வருகிற கூட்டம் இன்னும் குறையவில்லை. 2023இல் பெள்ளியைத் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக அரசு நியமித்தது. கூட்டம் முழுக்க "ரகு எது, பொம்மி எது" என்று கேட்டுக்கொண்டிருக்க, ஓரத்தில் நின்ற வயசான கும்கி ஒன்றுக்குக் களி உருண்டையில் மாத்திரையைப் பதுக்கி ஊட்டிக்கொண்டிருந்தார் ஒரு பாகன். அது மாத்திரையை மட்டும் நாக்கால் ஒதுக்கித் துப்பியது. அவர் பொறுக்கி எடுத்தார், துடைத்தார், இன்னொரு உருண்டைக்குள் வைத்தார், மறுபடி துப்பியது. திட்டுவது என்ன மொழி என்று புரியவில்லை, ஆனால் என் பாட்டி என்னைத் திட்டுகிற ராகம். மூன்றாவது உருண்டையில் வெல்லம் கூடுதலாக வைத்து ஏமாற்றிவிட்டார்.

பிடித்திருந்தது. ஆனால் இது வேலைக்கார யானைகள் சாப்பிடுகிற இடம், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். ஊருக்குள் வருகிற காட்டு யானையை விரட்ட இவைதான் போகின்றன, 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியைத் தேடி மூன்று வாரம் காட்டை அலசியபோதும் கும்கிகள் போயின. மரியாதையோடு பார்த்துவிட்டு வர வேண்டிய இடம். சிறு பிள்ளைகள் இருந்தால் வேனைத் தவிர்த்துவிட்டு இங்கே மட்டும் வந்தால்கூடப் போதும்.

திரும்பும்போது கூடலூர் வழி. இருட்டிவிட்டது, நடுவட்டம் தாண்டிப் பனி, பையன் தூங்கிவிட்டான். மச்சான் மட்டும் "புலி இருந்திருந்தா ஃபுல்லா இருந்திருக்கும்" என்று ஆரம்பித்தான். நான் ரேடியோவைப் போட்டேன்.

போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். பைனாகுலர் கட்டாயம், ஃபோன் ஜூமில் பாறு கழுகு கறுப்புப் புள்ளியாகத்தான் வரும். 8க்கு 42 போதும், 20, 30 என்று பெரிய எண்ணைக் காட்டி விற்பவை கையில் ஆடிக்கொண்டே இருக்கும். வெளிர் நிறச் சட்டை வேண்டாம், காக்கியோ பச்சையோ போடுங்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிப் போனால் காலையில் டீக்கடைக் கடுங்காப்பியோடு சரியாக இருக்கும், ஆனால் ஜீப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், குரங்கு பையோடு தூக்கிவிடும். மாயார் ரோட்டில் பல இடத்தில் சிக்னல் இல்லை, ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். வழிகாட்டிக்கான பணத்தை ரொக்கமாக எடுத்துப் போங்கள், பேரம் பேசாதீர்கள். விடுதி மூலமாகப் பிடித்தால் பாதி கமிஷனாகப் போய்விடுகிறது, மசினகுடிக் கடைத்தெருவில் டீக்கடையில் விசாரித்து நேராகப் பிடியுங்கள். முதல் கேள்வியாக "ரோட்டை விட்டு உள்ளே இறக்குவீர்களா?" என்று கேளுங்கள், "இறக்குவோம் சார்" என்று சொல்கிறவரை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.